ஆறுதலா நடவுங்கோ, ரீச்சர்

காசநோய்க் கிருமிக்கு அவசரம் கிடையாது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பற்றீரியா, வசதியான சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும். ஆய்வுகூடத்தில் அதை வளர்த்துப் பார்க்கக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடம்புக்குள் போன பிறகும் பெரும்பாலானோரிடம் அது நோயாக மாறுவதே இல்லை. சிலரிடம் மட்டும், பத்து இருபது வருடம் பேசாமல் கிடந்துவிட்டு, உடம்பு சோர்ந்த ஒரு காலத்தில் எழும்பும். உலக சனத்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும்.

இதையெல்லாம் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞான ஆசிரியை. வீடு வட்டக்கச்சி. அந்தக் கிருமி என்னுடைய வலது நுரையீரலின் மேற்பகுதியில் இருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வைத்தியர் காட்டியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. "ஆறு மாதம் மருந்து. ஒருநாளும் விடக்கூடாது. மற்ற வேலை எல்லாத்தையும் கொஞ்சம் குறையுங்கோ" என்றார். மருந்து எடுப்பது எனக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. குறையுங்கோ என்றதுதான் தொண்டையில் நின்றது.

ஓடிப் பழகினவர்கள்

வன்னியில் எங்கள் தலைமுறைக்கு ஓட்டம் பழகிப்போன ஒன்று. 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே தள்ளுப்பட்டு, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த ஓட்டம் ஒன்று. அதற்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசை. மீளக் குடியேறிய பின் இன்னொரு ஓட்டம் தொடங்கியது. கூரை போட ஓட்டம், கிணறு துப்புரவாக்க ஓட்டம், லீசிங் கட்ட ஓட்டம், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்க ஓட்டம். எழும்பி நின்றுவிட்டோம் என்று மற்றவர்களுக்கும் எங்களுக்கும் காட்டுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே வழி அதுதான்.

என் நாளும் அப்படித்தான். விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டி, பிட்டும் சம்பலும் கட்டி, ஸ்கூட்டியில் பாடசாலை. இரண்டு மணிக்கு வந்து ஒருவாய் சாப்பாடு. மூன்று மணிக்கு வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பரந்தனில் இன்னொரு வகுப்பு. கணவர் வயலில் நிற்கும் நாட்களில் அவருக்கும் சாப்பாடு கொண்டு போக வேண்டும்.

மாசியில் இருமல் தொடங்கியது. காலபோக அறுவடைக் காலம். அறுவடை மெசின் வயலுக்குள் இறங்கினால் ஊரெல்லாம் தூசி, ஊரெல்லாம் இருமல். என் இருமலை யாரும் தனியாகக் கேட்கவில்லை. பிறகு பின்னேரங்களில் காய்ச்சல் காய்ந்தது. இரவில் தலையணை வியர்வையில் நனைந்தது. சட்டைகள் தொளதொளத்தன. "என்ன ரீச்சர், டயட்டோ?" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். தனியார் மருந்தகம் ஒன்றில் சளிக்கென்று மாறி மாறி அன்ரிபயோட்டிக் தந்தார்கள். குறைந்தது மாதிரி இருந்தது, திரும்ப வந்தது. அன்ரிபயோட்டிக்குகளில் சில காசநோயை முற்றாக மாற்றாமல் கொஞ்ச நாளைக்கு அமத்தி மறைத்துவிடும். சளியைச் சோதிக்காமல் இருமலுக்கு மருந்து கொடுப்பதில் உள்ள ஆபத்து இது.

கடைசியில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். இலங்கையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு நிலையம் இருக்கிறது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் இலவசம். ஆய்வுகூடத் தம்பிக்கு நான் விஞ்ஞான ரீச்சர் என்று தெரிந்ததும், "பாக்கப் போறியளோ?" என்று நுணுக்குக்காட்டியைத் திருப்பிவிட்டார். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்கள், ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து கிடந்தன. பாடப்புத்தகத்தில் பார்த்த அதே கோல்கள். என்னுடையவை.

ஏன் இவ்வளவு காலம்?

1882 மார்ச் 24ஆம் திகதி பெர்லினில் றொபேட் கொக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதனால்தான் அந்த நாள் உலக காசநோய் தினம். ஆனால் கிருமி தெரிந்த பிறகும் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது வருடத்துக்கு மேல் சென்றது. 1943இல் ஸ்ரெப்ரோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. அது எல்லோருக்கும் எட்டுவதற்கு முன் போனவர்கள் எத்தனையோ பேர். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான்.

இன்றைய சிகிச்சை இப்படி: முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்ற நான்கு மருந்துகள். அதன்பின் நான்கு மாதம் ஐசோனியசிட், றிபாம்பிசின் இரண்டும். நான்கையும் ஒரே குளிசையில் சேர்த்துத் தருகிறார்கள். உடல் நிறையைப் பொறுத்து நாளுக்கு எத்தனை குளிசை என்பது மாறும்.

தொண்டை அழற்சிக்கு ஒரு கிழமை மருந்து போதுமென்றால் இதற்கு ஏன் அரை வருடம்? விடை அந்தக் கிருமியின் சுபாவத்தில் இருக்கிறது. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளைத்தான் பெரும்பாலான மருந்துகள் இலகுவாகக் கொல்லும். காசநோய்க் கிருமிகளில் ஒரு பங்கு ஏறக்குறைய உறக்கத்தில் கிடக்கும். அவற்றுக்கு மெழுகுத் தன்மையான தடித்த சுவரும் உண்டு. அவை ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும் வரை மருந்து உடம்பில் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு கிழமையிலேயே மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு மாதத்தில் இருமலும் காய்ச்சலும் போய்விடும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். சுகம் வந்துவிட்டது என்று மருந்தை விட்டால், உள்ளே மிஞ்சிக் கிடந்தவை எழும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அதை மாற்றுவது பெரும்பாடு.

ஆக, நோய் தெரிவதற்கு முன் வெட்டவெளியில் ஓடித் திரிந்த எனக்கு, நோய் தெரியாமல் போன பிறகும் நோயாளியாக இருக்கச் சொன்னார்கள். கடினம் அதுதான்.

சேத்துப்பட்டில் கிடைத்த பதில்

பழைய காலத்தில் காசநோய்க்கு மெதுவான வாழ்க்கையையே மருந்தென்று நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹெர்மன் பிரேமர் என்ற ஜெர்மன் மருத்துவர் மலைப்பகுதியில் தொடங்கிய சானடோரியம் உலகமெங்கும் பரவியது. நல்ல காற்று, சத்தான உணவு, நாள் முழுக்கப் படுக்கை. தோமஸ் மான் 1924இல் வெளியிட்ட பெரிய நாவல் ஒன்றின் களமே சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலையில் உள்ள அத்தகைய ஒரு சானடோரியம்தான். தமிழ்நாட்டில் தாம்பரத்தில் 1928இல் சௌரி முத்து என்ற மருத்துவர் ஒன்றைத் தொடங்கினார்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததும் தமிழ் மண்தான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் பொக்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் அந்த ஆய்வை வழிநடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு நோயாளர்களைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கினாற்போல இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் மருந்து எடுத்தது. மற்றப் பிரிவு நெருக்கமான குடிசை வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்த வேலையையும் செய்துகொண்டு அதே மருந்தை எடுத்தது. 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

அந்த ஆய்வோடு சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. வட்டக்கச்சியில் என் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்குக் காசநோய் மாறியதென்றால் அதற்குச் சேத்துப்பட்டுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வீட்டில் மருந்து கொடுத்தனுப்பினால் கணிசமானோர் ஒழுங்காக விழுங்குவதில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போய்க் குளிசையை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் அதை அறிந்தார்கள். கண்முன்னே விழுங்க வைக்கும் இன்றைய முறைக்கு வேர் அங்கேயும் இருக்கிறது.

ஓய்வு இந்த நோயைக் கொல்லாது. மருந்து கொல்லும். ஆனால் ஆறு மாதம் தவறாமல் மருந்து எடுக்க ஒரு மனுசருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்கு அதற்குக் கிடைத்த பதில், என் நாட்களை மெதுவாக்குவது.

வாய்க்கால் கரை

விடிய வெறும் வயிற்றில் குளிசை. வீட்டுக்குக் கிட்ட உள்ள சிகிச்சை நிலையத்தில் தாதி பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வேண்டும். பிறகுதான் சாப்பாடு. றிபாம்பிசின் உடம்பில் சேர்ந்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் நிறம் மாறலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் பயப்படவில்லை. பைரசினமைட் மூட்டுகளில் உளைவைத் தந்தது. குமட்டல் வந்தது. கண் பார்வையில் நிறம் மங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே வரச் சொன்னார்கள். இதெல்லாம் உள்ள ஒருவர் ஸ்கூட்டியில் பறந்துகொண்டு மருந்து எடுக்க முடியாது.

ஆரம்பத்தில் நடந்தே போனேன். இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்கால் கரையால் பாதை. 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் குளத்தை நம்பித்தான் எங்கள் ஊர்களே இருக்கின்றன. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்ட காலம் அது. கரையில் மருதமரங்கள். ஓரிடத்தில் மதகுக் கட்டில் இருந்து மூச்சு வாங்குவேன். அந்தப் பக்கம் வயல் பார்க்கும் வயதான ஐயா ஒருவர் மண்வெட்டியோடு தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பார். நான் வேகமாக எழும்பப் பார்த்தால், "ஆறுதலா நடவுங்கோ, ரீச்சர். வாய்க்கால் எங்கயும் ஓடிப்போகாது" என்பார். தண்ணீர் முறை இரவில் வந்தால் விடியும் வரை வரம்பில் குந்தியிருப்பவர் அவர். அவசரப்பட்டுப் பாத்தியை உடைத்தால் பயிர் சாயும் என்று தெரிந்தவர்.

வருடக்கணக்காக அந்தப் பாதையால் ஸ்கூட்டியில் போயிருக்கிறேன். மதகின் கீழே எப்போதும் ஒரே இடத்தில் மீன்கொத்தி இருக்கும் என்பதோ, மூன்றாவது வளைவில் உள்ள மருதமரத்தின் அடியில் யாரோ சூலம் ஒன்றை நட்டுப் பூ வைக்கிறார்கள் என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இவற்றைப் பார்த்ததால் என் நோய் மாறவில்லை. ஆனால் நாளைக்கும் குளிசைக்குப் போக ஒரு காரணம் கூடக் கிடைத்தது.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வந்தது. ஊர்ச் சனம் முழுக்க முல்லைத்தீவுப் பக்கம் போக, நான் வீட்டில். தொற்றும் காலம் முடிந்துவிட்டது என்றாலும் அந்தச் சனநெரிசலில் நிற்க உடம்பில் பலமில்லை. அம்மா போய்த் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டார்.

களைப்புக்கு என்ன செய்வதென்று எனக்குப் புரிய வைத்தவர் என் கணவர்தான். மருந்தின் மூன்றாம் மாதம் ஒருநாள் உசார் வந்ததென்று வீடு முழுக்கக் கூட்டித் துடைத்து, அடுத்த இரண்டு நாளும் எழும்ப முடியாமல் கிடந்தேன். "சிறுபோகத்துக்கு என்ன செய்யிறனாங்கள்? குளத்தில எவ்வளவு தண்ணி எண்டு பாத்துத்தானே எத்தினை ஏக்கர் எண்டு முடிவெடுக்கிறது. கூட்டத்தில எல்லாரும் சண்டை பிடிச்சாலும் தண்ணி இருக்கிற அளவுதானே விதைப்பு. உனக்கும் அதுதான்" என்றார். நோயிலிருந்து மீள்பவர்களுக்கு மறுவாழ்வு நிபுணர்கள் சொல்லும் அறிவுரையும் இதேதான். உசாராக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்காதே. உள்ள பலத்தை நாட்களுக்குப் பங்கிடு. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் இரு. ஒரு கமக்காரன் வருடம் தோறும் செய்யும் கணக்கை நான் உடம்புக்குப் போட்டுப் பழகினேன்.

நின்றால் கேட்கும் குரல்கள்

மெதுவான வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் அதை இனிப்பாக மட்டுமே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வன்னியில் அது அவ்வளவு இனிப்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மட்டும் பின்னால் வருபவை எட்டுவதில்லை. நின்றால் எட்டிவிடும்.

2009 ஏப்ரலில் என் தம்பியைக் கடைசியாகக் கண்டோம். இன்று வரை தகவல் இல்லை. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் அம்மாவும் இருந்தவர். அவர் பஸ் ஏறிப் போவதும் பொழுதுபட வருவதும் எனக்குத் தெரியும். அங்கே என்ன பேசினார், யாரோடு இருந்தார் என்று கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை. சமையல், கொப்பி திருத்தல், வகுப்பு.

நோயோடு விறாந்தையில் இருந்த ஒரு மத்தியானம் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு, என்னைப் பாராமலே, "அவனுக்கு இப்ப நாற்பது நடக்குது" என்றார். பிறகு அவனைப் பற்றிக் கதைத்தார். சின்ன வயதில் பாலைப்பழத்துக்குக் காட்டுக்குள் போய்ப் பால் ஒட்டிய வாயோடு வந்து அடிவாங்கியது, சைக்கிளில் டைனமோ பூட்டித் திரிந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. நான் அழுதேன். அன்று இரவு இருவரும் நன்றாக நித்திரை கொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனித்தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எழுதிவருபவர். கூட்டு உளவடு என்று அதைச் சொல்வார்கள். அதற்கு மருந்தும் பெரும்பாலும் கூட்டாகவே கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. எங்கள் விறாந்தையில் நடந்தது அதில் ஒரு சிறு பங்கு என்று நினைக்கிறேன். அந்தக் கதையைக் கேட்க எனக்கு ஒரு காசநோய் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் அப்படித்தான் நடந்தது. ஓய்வில் பழைய நினைவுகள் தாங்க முடியாமல் வருபவர்கள் அதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது.

குளக்கட்டு ஏன் அடியில் அகலம்?

சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் பாடசாலையில் சிலருக்குத் தயக்கம். எனக்கென்று ஒரு தேநீர்க் கோப்பை தனியாக வைக்கப்பட்டிருந்ததாகப் பிறகு அறிந்தேன். காசநோய் கோப்பையால், தட்டால், தொடுவதால் பரவாது. மருந்து தொடங்காத நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளைப் பூட்டிய அறைக்குள் சுவாசிப்பதால்தான் பரவும். காற்றும் வெயிலும் புகும் இடத்தில் வாய்ப்புக் குறைவு. இதை ஆசிரியர் அறைக்கே ஒருமுறை பாடமாக எடுக்க வேண்டியிருந்தது.

வகுப்புகளை நிறுத்தியிருந்த அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் மட்டும் பின்னேரங்களில் மாமரத்தின் கீழ் வந்து இருப்பான். பத்தாம் ஆண்டு. வகுப்பில் கடைசி வரிசை. திரவ அமுக்கம் விளங்கவில்லை என்றான். நான் வழக்கம்போல ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல் மூன்றையும் பெருக்கச் சொன்னேன். பெருக்கினான், விளங்கவில்லை. வகுப்பென்றால் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். போக எனக்கு எங்கும் இல்லை. பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தால், "ரீச்சர், அதுக்குத்தானோ இரணைமடுக் கட்டை அடியில அவ்வளவு அகலமாக் கட்டி மேல ஒடுக்கமா விட்டிருக்கு?" என்றான்.

அவனுடைய அப்பா வாய்க்கால் வேலை செய்பவர். கட்டின் குறுக்குவெட்டைக் குளத் திருத்த வேலை நடந்த காலத்தில் பார்த்திருக்கிறான். மண் கட்டு சரிந்து விழாமல் நிற்கவும் அடி அகலம் வேண்டும் என்று சொன்னேன். அதற்கு அவன் இன்னொரு கேள்வி கேட்டான். அன்று ஒரே ஒரு பாடம்தான், பொழுதுபடும் வரை. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் வருடம் தோறும் எத்தனை பிள்ளைகளின் இரண்டாவது கேள்வி வெளியே வராமல் போயிருக்கும்! திரும்பப் பாடசாலை போனபின் நான் மாற்றிய ஒரே விசயம், கேள்வி கேட்ட பிறகு பதில் வரும் வரை பேசாமல் நிற்பது. வகுப்புக்கு அது முதலில் பிடிக்கவில்லை. இப்போது பழகிவிட்டார்கள்.

ஒருநாள் நின்றால் ஒருநாள் உலை

கிளினிக்கில் என்னோடு வரிசையில் இருந்த ஒரு மேசன் தொழிலாளி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னதை மறைக்கக்கூடாது. "ரீச்சர், உங்களுக்கு வீட்டில நிண்டாலும் சம்பளம் வருது. எனக்கு ஒருநாள் நிண்டால் ஒருநாள் உலை இல்லை." அவர் காலையில் குளிசையை விழுங்கிவிட்டு நேரே கட்டட வேலைக்குப் போவார். அவர் மருந்தை நடுவில் விட்டால் குற்றம் அவருடையது மட்டுமா?

காசநோய் வறுமையோடு ஒட்டி வாழும் நோய். உடம்பில் சத்துக் குறைந்தால் உறங்கும் கிருமி எழும்பும். எழும்பிய கிருமி உடம்பை இன்னும் உருக்கும். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டில் தொடங்கிய அந்தப் பழைய நிலையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. நோயாளர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மா கொண்ட உணவுப் பொதி கொடுத்தார்கள். சில ஊர்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது ஏறத்தாழ நாற்பது வீதம் குறைந்தது. 2023இல் வெளியான இந்த முடிவு, தடுப்பு மருந்துகளைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தவர்களை அரிசி மூட்டை பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

எங்கள் ஊரில் அரிசியும் பருப்பும் முட்டையும் முருங்கையிலையும் குளத்து மீனும் குரக்கனும் இல்லாத பண்டங்களில்லை. வாங்கவும் சமைக்கவும் இருந்து சாப்பிடவும் காசும் நேரமும்தான் குறைவு. வருமானம் குறைந்த காசநோயாளர்களுக்குச் சமூக சேவைத் திணைக்களத்தின் ஊடாக உதவித்தொகை உண்டு. விண்ணப்பிக்கலாம் என்று தெரியாமலே ஆறு மாதத்தைக் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்க வேண்டும். அந்த மேசன் தொழிலாளிக்கு நாங்கள் சிலர் சேர்ந்து ஒன்று செய்தோம். அவருடைய வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை முட்டையும் பயறும் போகும். அவருடைய பாஸ் வெயிலேறின பிறகு நிழலில் செய்யும் பூச்சு வேலையை அவருக்குக் கொடுத்தார். அவர் மருந்தை முடித்தார்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து காலபோக விதைப்புக்கு நிலம் உழுதபோது என் மருந்தும் முடிந்தது. எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது, அது இருக்கும். திரும்பவும் ஸ்கூட்டி ஓடுகிறேன், வகுப்பும் எடுக்கிறேன். ஞாயிறு வகுப்பை மட்டும் திரும்பத் தொடங்கவில்லை. அந்தக் காசு இல்லாமல் லீசிங் கட்டக் கொஞ்சம் இறுக்கம்தான், சமாளிக்கிறோம்.

இலங்கையில் பெரும்பாலான வருடங்களில் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்ட புதிய காசநோயாளர்கள் பதிவாகிறார்கள். பதிவாகாமல் இருமிக்கொண்டு வேலைக்குப் போவோர் இதற்கு வெளியே. இதை வாசிப்பவர்களிடம் மூன்று விசயம் கேட்கிறேன். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் தூசியென்றும் பனியென்றும் சொல்லாமல் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியைச் சோதியுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோயென்றால் அவருடைய கோப்பையைப் பிரிக்காமல், அவருடைய வேலையைப் பிரித்து எடுங்கள். ஆள் வைத்து வேலை செய்விப்பவர்கள், பாடசாலை அதிபர் முதல் கட்டட பாஸ் வரை, ஆறு மாதத்துக்கு அவருக்குக் கொஞ்சம் இலகுவான வேலை கொடுங்கள். மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. நேரத்தை நாங்கள்தான் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும்.